ஊர் அருகே மருத்துவ நிலையம்

(உரையின் எழுத்து வடிவம்)

ஒரு நாட்டின் மக்கள் நல்வாழ்வை அளக்கப் பல அளவுகோல்கள் உள்ளன. எத்தனை மருத்துவர்கள், எத்தனை படுக்கைகள், எத்தனை கோடி ரூபாய் ஒதுக்கீடு என்று கணக்கிடுவது வழக்கம். இவற்றைவிட எளிய அளவுகோல் ஒன்று உண்டு. காய்ச்சல் கண்ட கூலித் தொழிலாளி ஒருத்தி, ஒரு நாள் கூலியை இழக்காமல் தகுதி பெற்ற ஒருவரிடம் தன் உடம்பைக் காட்டிக்கொள்ள முடியுமா என்பதே அது. முடியும் என்று விடை வருமானால், அந்த ஊருக்கு மருத்துவ வசதி எட்டியிருக்கிறது எனலாம். முடியாது என்றால், பக்கத்து நகரில் ஆயிரம் படுக்கைகள் இருந்தும் அவளுக்குப் பயனில்லை.

இந்த அளவுகோலைக் கையில் கொண்டு, ஆந்திரப் பிரதேசத்தின் தென்மேற்கு மூலையில் உள்ள ராமகுப்பம் வட்டாரத்தைப் பார்ப்போம்.

மூன்று மாநிலங்களின் சந்திப்பு

சித்தூர் மாவட்டத்தின் குப்பம் பகுதி ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களும் கூடும் இடத்தில் அமைந்துள்ளது. குப்பம், சாந்திபுரம், குடுபள்ளி, ராமகுப்பம் ஆகிய நான்கு மண்டலங்களும் ஒரே சட்டமன்றத் தொகுதியில் அடங்கும். 1985இல் ஆந்திரத்தில் மண்டல முறை வந்தபோது ராமகுப்பமும் ஒரு மண்டலத்தின் தலைமையிடமாயிற்று. 2022 ஏப்ரல் 4 அன்று மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்டுத் திருப்பதி தனி மாவட்டமானது. அப்போது குப்பம் புதிய வருவாய்க் கோட்டமாயிற்று.

இங்குத் தெலுங்கும் தமிழும் கன்னடமும் கலந்து வழங்குகின்றன. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, வேலைக்குச் சென்ற இடத்தில் கன்னடம் என்று வாழும் குடும்பங்கள் ஏராளம். கேழ்வரகும் நிலக்கடலையும் தக்காளியும் பயிராகின்றன. பட்டுப்புழு வளர்ப்பும் கறவை மாடுகளும் சிறு குடும்பங்களுக்குக் கைகொடுக்கின்றன. ‘குப்பம் பச்சை’ என்று உலகச் சந்தையில் பெயர் பெற்ற கருங்கல் இப்பகுதியிலிருந்தே வெட்டி எடுக்கப்படுகிறது. சென்னை–பெங்களூரு இருப்புப்பாதையில் குப்பம் ஒரு நிலையமாதலால், விடியுமுன் ரயிலேறிப் பெங்களூரில் வேலை பார்த்து இரவில் வீடு திரும்புவோரும் பலர்.

கிழக்கே கௌண்டின்யா வனவிலங்குச் சரணாலயம் உள்ளது. காட்டை ஒட்டிய ஊர்களில் அந்தி சாய்ந்தபின் யானை நடமாட்டம் உண்டு. ராமகுப்பம் மண்டலத்தைச் சேர்ந்த நன்னியாலாவில் கும்கி யானை முகாம் அமைந்ததும் இக்காரணம் பற்றியே. இத்தகைய ஊரில், “இரவில் வயிற்றுவலி வந்தால் நகரத்துக்குச் செல்க” என்று கூறுவது எளிது. சென்று சேர்வது எளிதன்று.

மாவட்டத் தலைநகரான சித்தூரைக் காட்டிலும் கோலார் தங்கவயலும் கிருஷ்ணகிரியும் இவ்வட்டாரத்துக்கு அருகில் உள்ளன. பெரிய நோய் வந்தால் வேலூருக்கும் பெங்களூருக்கும் மக்கள் செல்கின்றனர். குப்பத்தில் அரசின் வட்டார மருத்துவமனையும் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன. ஆகவே மருத்துவமே இல்லாத பகுதி என்று இதனைச் சொல்ல இயலாது. ஊருக்கும் மருத்துவமனைக்கும் இடையே உள்ள இடைவெளியே இங்கு எழும் கேள்வியாகும்.

முன்னோர் கண்ட வழி

இந்த இடைவெளியை நிரப்பும் எண்ணம் இன்று பிறந்ததன்று. 1911இல் சித்தூர் மாவட்டம் தோன்றும் முன், குப்பம் பகுதி கங்குந்தி ஜமீனாக வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. அதே மாவட்டத்தின் வேலூரில் 1900இல் சிறிய அளவில் மருத்துவப் பணியைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர், நோயாளிகள் மருத்துவமனைக்கு வரும்வரை காத்திருப்பதில் பயனில்லை என்பதை விரைவில் உணர்ந்தார். குடியாத்தம் சாலையில் குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி அவர் நடத்திய சாலையோர மருத்துவம், இன்றைய அண்டை மருத்துவ நிலையங்களுக்கு ஒரு முன்னோடியாகும். நாளும் இடமும் தவறாமல் வருவார் என்ற நம்பிக்கையே அந்த முயற்சியின் உயிர்நாடியாக இருந்தது.

1943இல் அமைக்கப்பட்டு 1946இல் அறிக்கை அளித்த போர் குழு, பணம் செலுத்த இயலாத காரணத்தால் எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படலாகாது என்ற கொள்கையை நாட்டின் முன் வைத்தது. உடனடித் திட்டமாக 40,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1952 அக்டோபர் 2 அன்று சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபின், வளர்ச்சி வட்டாரம் ஒன்றுக்கு ஒரு நிலையம் என்ற அளவில் இப்பணி நடைபெறலாயிற்று. ஆனால் ஒரு வட்டாரத்தின் மக்கள்தொகை போர் குழு கூறிய எண்ணிக்கையை வெகுவாகத் தாண்டியிருந்தது. கட்டடம் எழுந்த இடங்களில் மருத்துவர் இல்லை. மருத்துவர் இருந்த இடங்களில் மருந்து இல்லை.

இந்நிலையைக் கண்டு, டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலான குழு 1960களின் தொடக்கத்தில் தெளிவான ஓர் அறிவுரையை வழங்கியது. புதிய நிலையங்களைத் திறப்பதற்கு முன், இருக்கும் நிலையங்களை வலுப்படுத்துக என்பதே அது. அறுபது ஆண்டுகள் கடந்தும் இந்த அறிவுரை பழையதாகிவிடவில்லை.

1977 அக்டோபர் 2 அன்று, ஆயிரம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் கிராம மக்களிடமிருந்தே சுகாதாரப் பணியாளரைத் தேர்ந்தெடுக்கும் திட்டம் தொடங்கியது. மூன்று மாதப் பயிற்சியும் மாதம் ரூ. 50 மதிப்பூதியமும் அவருக்கு அளிக்கப்பட்டன. சில ஆண்டுகளுக்குள் அவருடைய பெயர் சுகாதாரத் தொண்டர் என்றும், பின்னர்க் கிராம சுகாதார வழிகாட்டி என்றும் மாறியது. பெயர் மாறிய அளவுக்கு மருந்துப் பெட்டி நிரம்பவில்லை. மேற்பார்வையும் தளர்ந்தது. திட்டம் படிப்படியாக மங்கியது.

1978 செப்டம்பரில் அல்மா ஆட்டா நகரில் கூடிய உலக மாநாடு, ஆரம்ப நிலை மருத்துவமே அனைவருக்கும் நல்வாழ்வு அளிக்கும் வழி என்று பறைசாற்றியது. அதற்கு முன்பே நம் நாட்டில் சில இடங்களில் அந்த வழி நடந்து பார்க்கப்பட்டிருந்தது. மகாராஷ்டிரத்தின் ஜாம்கேடில் 1970 முதல் டாக்டர் ராஜனிகாந்த் ஆரோலேயும் டாக்டர் மேபல் ஆரோலேயும் எழுத்தறியாத கிராமப் பெண்களுக்கே பயிற்சி தந்து தாய்சேய் நலத்தை உயர்த்திக் காட்டினர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1977இல் கீழ்வைத்தியணான்குப்பம் வட்டாரத்தில் ஊரக சுகாதாரப் பிரிவை நிறுவி, மருத்துவத்தோடு வேலைவாய்ப்பையும் கைத்தொழில் பயிற்சியையும் இணைத்தது. ஒரே வட்டாரத்தின் மக்களை விடாது பல ஆண்டுகள் கவனித்ததே இவ்விரண்டு முயற்சிகளின் வெற்றிக்கும் காரணமாகும்.

தூரத்தின் விலை

இலவச மருத்துவம் என்று அரசு அறிவித்தாலும், நோயாளிக்கு அது இலவசமாகக் கிடைப்பதில்லை. இதனை ஒரு கணக்கால் விளக்கலாம். கணக்கின் எண்கள் எடுத்துக்காட்டுக்காகக் கொண்டவையே.

இரத்த அழுத்தம் உள்ள ஒரு பெண் மாதம் ஒருமுறை நகர மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்று கொள்வோம். அன்று அவளுடைய கூலி ரூ. 300 போகிறது. துணைக்கு வரும் கணவனின் அல்லது மகனின் கூலியும் ரூ. 300 போகிறது. 2025 ஆகஸ்டு 15 முதல் ஆந்திர அரசுப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆதலின் துணைவருக்கு மட்டும் போக வர ரூ. 60 எனக் கொள்ளலாம். இருவரின் உணவுக்கும் தேநீருக்கும் ரூ. 100. ஆக மொத்தம் ரூ. 760. ஆண்டுக்கு ரூ. 9,120. மருந்தின் விலை இதில் ஒரு காசு கூட இல்லை. ஓராண்டில் முப்பது நாள் கூலிக்கு ஈடான தொகை, மருந்து வாங்கப் போன வழியிலேயே கரைந்துவிடுகிறது.

இப்பெண் என்ன செய்வாள்? இரத்த அழுத்தம் வலி தருவதில்லை. தலைசுற்றல் கூட எப்போதாவதுதான். முதல் மாதம் செல்வாள். இரண்டாம் மாதமும் செல்வாள். களை எடுக்கும் காலம் வந்ததும் நிறுத்திவிடுவாள். சில ஆண்டுகள் கழித்துப் பக்கவாதம் வரும்போது, குடும்பம் நிலத்தையோ மாட்டையோ விற்றுப் பெரிய மருத்துவமனைக்கு ஓடும். அறியாமை என்று இதற்குப் பெயரிடுவது பொருந்தாது. கையில் இருக்கும் ரூ. 300ஐ, கண்ணுக்குத் தெரியாத ஒரு நாளைய ஆபத்துக்காக இழக்க மறுப்பது ஏழைக் குடும்பத்தின் இயல்பான பொருளாதாரக் கணக்கே ஆகும். அந்தக் கணக்கை மாற்ற வேண்டுமானால் அறிவுரை போதாது. தூரத்தைக் குறைக்க வேண்டும்.

நாட்டளவிலும் இது புலனாகிறது. தேசிய சுகாதாரக் கணக்கேடுகளின்படி, மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கைப்பணத்திலிருந்து செலுத்தும் பங்கு 2013–14இல் 64.2 சதவிகிதமாக இருந்தது. 2021–22இல் அது 39.4 சதவிகிதமாகக் குறைந்தது. முன்னேற்றம் மறுக்க முடியாதது. எனினும் ஐந்தில் இரண்டு பங்கு இன்னும் குடும்பங்களின் தோளில் இருக்கிறது. அதிலும் பெரும்பகுதி படுக்கையில் சேராமல் பெறும் சிகிச்சைக்கும் மருந்துக்குமே போகிறது. 2007இல் ஆந்திரத்தில் தொடங்கிய ஆரோக்கியஸ்ரீ திட்டம் அறுவை சிகிச்சை போன்ற பெருஞ்செலவுகளிலிருந்து பல குடும்பங்களைக் காத்தது. இத்திட்டம் 2024 முதல் டாக்டர் என்.டி.ஆர். வைத்திய சேவை என்று வழங்குகிறது. ஆனால் பக்கவாதம் வந்தபின் உதவும் காப்பீடு, பக்கவாதம் வராமல் காக்கும் மாத்திரைக்கு ஈடாகாது.

கிராம நிலையத்தின் அமைப்பு

இந்திய அரசு 2018 ஏப்ரல் 14 அன்று சத்தீஸ்கரின் பீஜப்பூர் மாவட்டத்து ஜாங்லா கிராமத்தில் முதலாவது நலவாழ்வு மையத்தைத் திறந்தது. நாடெங்கும் உள்ள துணை சுகாதார மையங்களையும் ஆரம்ப சுகாதார நிலையங்களையும் இவ்வாறு மாற்றி, 1,50,000 மையங்களை உருவாக்குவது இலக்காகக் கொள்ளப்பட்டது. 2022 இறுதியில் அந்த எண்ணிக்கை எட்டப்பட்டது. 2023இல் இவற்றுக்கு ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் என்று பெயரிடப்பட்டது.

பழைய துணை மையத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒன்று என இருந்த துணை மையம், பெரும்பாலும் கருவுற்ற தாய்மாரையும் குழந்தைகளையும் மட்டுமே கவனித்தது. அங்கிருந்த துணைச் செவிலியர் தடுப்பூசி போடுவார், குடும்பநலப் பணி செய்வார், பதிவேடுகளை நிரப்புவார். அறுபது வயதுக் கிழவருக்கு அந்தக் கட்டடத்தில் வேலை எதுவும் இல்லை. புதிய மையத்தில் பட்டம் பெற்ற செவிலியர் ஒருவர் சமுதாய சுகாதார அலுவலராகப் பணிபுரிகிறார். அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கப்படுகின்றன. மருத்துவர் எழுதிய மருந்தை மாதந்தோறும் அங்கேயே பெறலாம்.

ஆந்திர அரசு இதனை மேலும் விரிவாக்கி, ஏறத்தாழ 2,500 பேருக்கு ஒன்று என்ற அளவில் 10,032 கிராம மருத்துவ நிலையங்களுக்குத் திட்டமிட்டது. 14 வகைச் சோதனைகளும் 105 வகை மருந்துகளும் அங்குக் கிடைக்க வேண்டும் என வகுக்கப்பட்டது. 2022 அக்டோபரில் சோதனையாகவும் 2023 ஏப்ரல் 6 முதல் முழுமையாகவும் குடும்ப மருத்துவர் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் இரு மருத்துவர்களுள் ஒருவர் நிலையத்தில் இருக்க, மற்றவர் 104 வண்டியில் ஊர் ஊராகச் செல்ல வேண்டும். ஒவ்வோர் ஊருக்கும் மாதம் இருமுறை வர வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. ஒரு நூற்றாண்டுக்கு முன் குடியாத்தம் சாலையில் கண்ட அதே முறை, அரசின் ஏற்பாடாக உருப்பெற்றது எனலாம்.

தொலைவழி ஆலோசனையும் இதற்குத் துணைநிற்கிறது. 2019 நவம்பரில் ‘இ-சஞ்சீவனி’ முறையை முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்த மாநிலம் ஆந்திரமே. 2025 ஜூலையில் குப்பம் அரசு மருத்துவமனையில், டாடா நிறுவனத்தின் துணையுடன் ‘டிஜிட்டல் நெர்வ் சென்டர்’ என்னும் இணைப்பு மையம் தொடங்கப்பட்டது. தொகுதியின் ஆரம்ப சுகாதார நிலையங்களையும் கிராம நிலையங்களையும் ஒரே வலையில் இணைத்து, நோயாளியின் விவரத்தைத் தொடர்ந்து பேணி, சிறப்பு மருத்துவரின் ஆலோசனையை ஊரிலேயே பெறச் செய்வது இதன் நோக்கம். அண்டையிலுள்ள கோலார் மாவட்டத்தில் இதே முறை முன்னரே நடத்திப் பார்க்கப்பட்டது. ராமகுப்பம் மண்டலத்து ஊர்களும் இந்த வலைக்குள் அடங்குவன.

கருவி நன்று. ஆயினும் கருவியின் மறுமுனையில் மாத்திரை இருக்க வேண்டும். திரையில் தோன்றும் மருத்துவர் எழுதித் தரும் மருந்து கிராம நிலையத்தின் அலமாரியில் இல்லாவிட்டால், அந்தப் பெண் மீண்டும் நகரப் பேருந்துக்கே காத்திருக்க வேண்டும். இவ்வகையில் தமிழ்நாட்டின் அனுபவம் பயன் தரும். 1994இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாவட்டந்தோறும் கிடங்கு அமைத்து, ஒவ்வொரு மருத்துவ நிலையத்துக்கும் ஒரு கணக்குப் புத்தகம் வழங்கியது. தன் தேவைக்கேற்ப நிலையமே மருந்தைப் பெற்றுக்கொள்ளும். மேலிருந்து தள்ளப்படும் மருந்து காலாவதியாகித் தேங்குவதும், வேண்டிய மருந்து இல்லாமல் போவதும் இதனால் பெரிதும் குறைந்தன.

நோயின் முகம் மாறியுள்ளது

ஒரு காலத்தில் ஊரக சுகாதாரத்தின் தலையாய கவலை பிரசவமாக இருந்தது. 2019–21ஆம் ஆண்டுகளின் ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி, ஆந்திரத்தில் 96.5 சதவிகிதப் பிரசவங்கள் மருத்துவ நிலையங்களிலேயே நடைபெற்றன. இது பெரும் சாதனை. ஆனால் அதே ஆய்வின்படி 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 58.8 சதவிகிதத்தினர் இரத்தசோகை உடையவர்கள். ஒரு நாள் நிகழ்ச்சியான பிரசவத்துக்கு 108 வண்டியில் ஏற்றி மருத்துவமனையில் சேர்ப்பதை நிருவாகம் கற்றுக்கொண்டது. மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை உட்கொள்ளச் செய்வதை இன்னும் முழுமையாகக் கற்கவில்லை. முன்னதற்கு வண்டி போதும். பின்னதற்கு ஊரில் ஒருவர் வேண்டும்.

அந்த ஒருவர் வீட்டு வாசலுக்கே செல்ல வேண்டும் என்பதைத் தமிழ்நாட்டின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ உணர்த்துகிறது. 2021 ஆகஸ்டு 5 அன்று இத்திட்டம் தொடங்கப்பட்ட சாமனப்பள்ளி, கிருஷ்ணகிரி மாவட்டத்தில், குப்பத்துக்கு எல்லை தாண்டிய அண்டைப் பகுதியிலேயே உள்ளது. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மருந்தைக் கையில் கொடுக்கின்றனர். படுக்கையில் கிடப்போருக்கு இயன்முறை மருத்துவரும் செல்கிறார். 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது ஒன்றையும் இத்திட்டம் பெற்றது.

குப்பம் பகுதியில் இன்னொரு தேவையும் உண்டு. கல் குவாரிகளிலும் கல் மெருகிடும் பட்டறைகளிலும் உழைப்போர் நுண்ணிய தூசியைச் சுவாசிக்கின்றனர். சிலிக்கா தூசியால் நுரையீரல் கெடுவதும், அதன்மேல் காசநோய் பற்றுவதும் மருத்துவ உலகம் நன்கறிந்தவை. இருமல் வந்தவுடன் நுரையீரல் சோதனைக்கு அனுப்பும் கடமை, தொழிலாளியின் வீட்டுக்கு அண்மையில் உள்ள நிலையத்தையே சாரும்.

நிலையத்தின் போட்டியாளர்

அரசின் கிராம நிலையம் வெற்றிடத்தில் இயங்கவில்லை. ஆந்திரத்தின் ஊர்தோறும் ‘ஆர்.எம்.பி.’ என்று மக்கள் அழைக்கும், முறையான பட்டம் இல்லாத வைத்தியர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் மக்கள் செல்வதைக் கண்டு வியப்பதற்கோ வெகுள்வதற்கோ முன், ஏன் செல்கின்றனர் என்று கேட்பது பயனுடையது.

அவர் இரவு ஒன்பது மணிக்கும் கதவைத் திறப்பார். அறுவடைக்குப் பின் தருவதாகச் சொன்னால் கடன் வைத்துக்கொள்வார். நோயாளியின் மொழியில் பேசுவார். வீட்டில் யார் யார் என்பதை அறிவார். இந்த நான்கும் சேவையின் சிறப்புகளே. தேவையற்ற ஊசியும் அளவு மீறிய உயிர்க்கொல்லி மருந்தும் அவர் சிகிச்சையின் தீங்குகள். தீங்கை ஒழிக்கச் சட்டம் வேண்டும். ஆனால் அவருடைய சிறப்புகளை அரசு நிலையம் மேற்கொள்ளாதவரை சட்டம் மட்டும் வெல்லாது.

முதலாவது, நேரம். காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை என்னும் நேரம் அலுவலகத்துக்குப் பொருந்தும், வயலுக்குப் பொருந்தாது. கூலிப் பெண்கள் காலையில் புறப்பட்டு மாலையில் திரும்புகின்றனர். பெங்களூரு ரயிலில் செல்வோர் பகலில் ஊரிலேயே இருப்பதில்லை. வாரத்தில் இரண்டு நாள் மாலை ஏழு மணி வரை நிலையம் திறந்திருக்குமானால், மேலே கண்ட ரூ. 760 கணக்கு அறவே மறைந்துபோகும். யானை நடமாடும் ஊர்களில் மாலை வேளை ஏற்றதன்று. அங்கே விடியற்காலை நேரம் உதவும். ஒரே நேரத்தை மாநிலம் முழுவதற்கும் விதிப்பதைவிட, ஊராட்சியே நேரத்தை முடிவு செய்வது சிறந்தது.

இரண்டாவது, மொழி. தமிழ் பேசும் முதியவளுக்கு “சாப்பாட்டுக்கு முன்னா பின்னா” என்பது புரியும் மொழியில் சொல்லப்பட வேண்டும். மருந்துச் சீட்டு தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ இருக்க, அவள் பேரன் ஊரில் இல்லாத நாளில் மாத்திரை இடம் மாறிவிடும். 1997இல் குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகம் அமைந்தது இப்பகுதியின் மொழி வளத்தைக் கருதியே. அந்த வளம் மருந்து உறையின் மேலும் தெரிய வேண்டும். சூரியன், சந்திரன் படங்களைப் போட்ட உறைகள் எம்மொழியாருக்கும் உதவும். ஆஷா பணியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது அவ்வூரின் பேச்சுமொழியைக் கருத்தில் கொள்வது செலவில்லாத சீர்திருத்தமாகும்.

மூன்றாவது, எல்லை. கோலாரில் ஒரு சோதனை, கிருஷ்ணகிரியில் ஒரு சிகிச்சை, குப்பத்தில் மருந்து என்று இப்பகுதி மக்கள் வாழ்கின்றனர். மாநில எல்லையைக் கடந்ததும் அட்டையின் பயன் சுருங்குகிறது. பழைய சீட்டு தொலைகிறது. சோதனை மறுபடியும் நடக்கிறது. மூன்று மாநிலங்களின் நோயாளிப் பதிவும் ஒன்றோடொன்று பேசும் வகையில் அமையுமானால், இந்திய அரசின் எண்மச் சுகாதார இயக்கத்துக்கு இதைவிடச் சிறந்த சோதனைக்களம் கிடைப்பது அரிது.

பெயரும் நிலைபேறும்

தில்லியில் 2015இல் பீராகடியில் முதல் மொகல்லா கிளினிக் தொடங்கியது. ஐதராபாத்தில் 2018 முதல் பஸ்தி தவாகானா, கர்நாடகத்தில் 2022 டிசம்பர் முதல் நம்ம கிளினிக், தமிழ்நாட்டில் 2023 ஜூன் 6 அன்று திறக்கப்பட்ட 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் என இவ்வெண்ணம் பரவியது. உலகிலும் இதற்கு ஒப்புமை உண்டு. இலங்கையில் 1926இல் களுத்துறையில் அமைந்த சுகாதாரப் பிரிவு, ஒரு குறிப்பிட்ட பகுதியின் மக்கள் அனைவர்க்கும் பொறுப்பேற்கும் முறையைத் தொடங்கியது. அமெரிக்காவில் 1965 முதல் பாஸ்டன் நகரிலும் மிசிசிப்பி மாநிலத்திலும் டாக்டர் ஜாக் கைகர் முதலானோர் ஏழை மக்களின் குடியிருப்புகளிலேயே சுகாதார மையங்களை நிறுவினர். பட்டினியால் நோயுற்ற குழந்தைக்கு அவர்கள் உணவையே மருந்தாக எழுதித் தந்தனர்.

எண்ணம் எங்கும் ஒன்றே. ஆனால் நிலைபேறு ஒன்றாக இல்லை. தமிழ்நாட்டில் 2020 டிசம்பரில், 2,000 என்ற இலக்குடன் தொடங்கிய அம்மா மினி கிளினிக்குகள் தற்காலிக ஏற்பாடாக இருந்தமையால் 2022 தொடக்கத்தில் முடிவுக்கு வந்தன. ஆந்திரத்திலும் பெயர்ப்பலகைகள் மாறியுள்ளன. ஆட்சி மாறும்போது திட்டத்தின் பெயர் மாறுவது மக்களாட்சியில் இயல்பு. ஆனால் பெயரோடு பணியாளரும் பதிவேடும் மருந்து வழங்கலும் மாறுமானால், நோயாளி மீண்டும் முதல் படியிலிருந்து தொடங்க வேண்டியவராகிறார். இரத்த அழுத்தத்துக்கு ஆட்சிக் காலம் கிடையாது. வாழ்நாள் முழுவதும் மருந்து வேண்டும்.

நிலைபேற்றுக்குத் தேவையானவை மூன்று: நிரந்தரப் பணியிடம், சொந்தக் கட்டடம், உள்ளூர்ப் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வரும் செவிலியர் நல்ல வாய்ப்புக் கிடைத்ததும் செல்கிறார். அவரோடு ஊரைப் பற்றிய அறிவும் செல்கிறது. வாடகை அறையில் இயங்கும் நிலையம் வீட்டுக்காரரின் விருப்பத்துக்கு இடம் மாறுகிறது. பதினைந்தாவது நிதிக் குழு 2021–26 காலத்துக்கு உள்ளாட்சிகள் வழியாக ரூ. 70,051 கோடியைச் சுகாதாரத்துக்குப் பரிந்துரைத்தது. கட்டடமில்லாத துணை மையங்களுக்குக் கட்டடம் எழுப்புவதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. பணம் உள்ளாட்சி வழியாக வருவதன் பொருள், பொறுப்பும் உள்ளாட்சியைச் சேரும் என்பதாகும்.

ஊராட்சி செய்யத்தக்கவை எளியவை. மருத்துவர் வரவேண்டிய நாளையும் வந்த நாளையும் சுவரில் எழுதி வைக்கலாம். இல்லாத மருந்துகளின் பெயரை மாதந்தோறும் கிராம சபையில் படிக்கலாம். மூன்று மாதமாக மாத்திரை வாங்க வராதவர் யார் யார் என்று ஆஷா பணியாளர் அறிந்து, அவர்கள் வீட்டுக்குச் செல்லலாம். எத்தனை பேர் வந்தனர் என்பதை மட்டும் கேட்கும் மேலதிகாரி, எத்தனை பேர் வராமல் நின்றனர் என்பதையும் கேட்கத் தொடங்குவாரானால், அந்த ஒரு கேள்வியே நிலையத்தின் போக்கை மாற்றிவிடும்.

மருத்துவமனைகள் நோயை வெல்கின்றன. ஊர் நிலையங்கள் நோய் முற்றாமல் காக்கின்றன. முன்னதன் வெற்றி செய்தித்தாளில் இடம்பெறும். பின்னதன் வெற்றி வெளியே தெரியாது. வராமற்போன பக்கவாதத்தை எவரும் எண்ணிக் காட்ட முடியாது. திட்டமிடுவோர்க்கு இதுவே பெரும் சோதனையாகும்.

ராமகுப்பம் வட்டாரத்தின் ஓர் ஊரில், வேலை முடிந்து திரும்பும் பெண் ஒருத்தி, கால்மணி நேரம் நின்று அழுத்தம் பார்த்துக்கொண்டு, முப்பது நாள் மாத்திரையைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, இருட்டுமுன் வீடு சேர்கிறாள் என்றால், கூலியும் குறையவில்லை, மருந்தும் தவறவில்லை. அடுத்த மாதமும் அதே நாளில் அதே கதவு திறந்திருக்கும் என்று அவள் நம்பும்படி செய்வதே நல்வாழ்வுத் திட்டத்தின் கடமையாகும்.